ஜப்பான் டீ ஏன் கசக்கிறது? ரகசியம் உங்கள் டபரா டம்ளரில்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பானிய நிறுவனங்களில் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பச்சை நிறத் தேயிலைப் பொட்டலம் ஒன்று என்றைக்காவது சோளிங்கருக்கும் வந்து சேரும். அம்மா அதை வழக்கம்போலக் கொதிக்கும் நீரில் போட்டு, ஐந்து நிமிடம் தளதளவெனக் காய்ச்சி வடிகட்டுவார். ஒரு வாய் குடித்தவுடன் எல்லோர் முகமும் கோணிப்போகும். ‘இதைப் போயா ஜப்பான்காரன் குடிக்கிறான்?’ என்று மிச்சத்தைக் கொட்டிவிடுவோம்.

தப்பு தேயிலையில் இல்லை. கொதிநீரில்தான்!

இதைப் புரிந்துகொள்ள ஜப்பான் வரை போக வேண்டாம். நம் ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிலே பாடம் சொல்லும். குரோமிய உப்பு வருவதற்கு முன்பு இங்கே ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்துத்தான் தோல் பதனிட்டார்கள். அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின், தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்கும். அதனால் தோல் அழுகாமல் நிற்கும். தேயிலையின் துவர்ப்பும் அதே குடும்பம்தான். அது எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடிப்பதால்தான் நாக்கு வறண்டு இழுக்கிறது. பால் ஊற்றினால் அந்தத் துவர்ப்பு பாலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். நம் டீயை எவ்வளவு காய்ச்சினாலும் குடிக்க முடிவது அதனால்தான். பால் சேராத ஜப்பான் டீயில் அந்தத் தப்பிப்பு கிடையாது.

ஆற்றினால் இனிக்கும்

பறித்த கொழுந்தை உடனே ஆவியில் வேகவைத்து, உருட்டிக் காயவைப்பது ஜப்பானிய முறை. அப்படிச் செய்வதில் முக்கியமான வகை ‘செஞ்சா’. 1738-ல் ஊஜி பகுதியைச் சேர்ந்த நாகதானி சோயென் இந்த முறையை உருவாக்கியதாகச் சொல்வார்கள். ஆவியில் வெந்ததால் இலையின் பச்சை அப்படியே நிற்கும். அதில் இனிப்பும் சுவையும் தரும் அமினோ அமிலங்கள் இளஞ்சூட்டிலேயே இறங்கிவிடும். கசப்பும் துவர்ப்பும் இறங்கத்தான் கடும்சூடு வேண்டும். ஆகவே, நீர் 70 முதல் 80 டிகிரிக்குள் இருந்தால் போதும்.

தெர்மாமீட்டர் வேண்டாம். ஜப்பானியர்கள் இதற்கென்றே தனிக் கிண்ணம் வைத்து நீரை ஆற்றுகிறார்கள். நம்மிடம்தான் டபரா டம்ளர் இருக்கிறதே! கொதித்த நீரைப் பாத்திரம் மாற்றி ஊற்றும் ஒவ்வொரு முறையும் சுமார் 10 டிகிரி குறையும். மூன்று முறை மாற்றினால் சரியான சூடு வந்துவிடும்.

ஒருவருக்கு 150 மில்லி நீர், ஒரு டீஸ்பூன் இலை. ஆறிய நீரை இலைமேல் ஊற்றி மூடி, ஒரு நிமிடம் விடுங்கள். கலக்காதீர்கள், பிழியாதீர்கள். கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுங்கள். நீர் தேங்கினால் அடுத்த டீ கசக்கும். அதே இலையில் சற்றுக் கூடுதல் சூட்டில் நீர் ஊற்றி, 20 நொடியில் வடித்தால் இரண்டாவது டீயும் தயார்.

சர்க்கரை வேண்டாம். முதல் வாயை உடனே விழுங்காமல் நாக்கில் நிறுத்துங்கள். கீரை வேகும் வாசனை வரும். அடுத்து, பருப்புத் தண்ணீரும் தக்காளியும் சேர்ந்த ரசத்தில் இருப்பது போன்ற ஒரு நிறைவு தெரியும். ஜப்பானியர்கள் இதை ‘உமாமி’ என்கிறார்கள். 1908-ல் இக்கேதா என்ற விஞ்ஞானி வைத்த பெயர். துவர்ப்பு கடைசியில் லேசாக எட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

ஆற்றப் பொறுமை இல்லையா? வறுத்த இலையான ‘ஹோஜிச்சா’ வாங்குங்கள். கொதிநீரையே தாங்கும். வறுத்த அரிசி கலந்த ‘கென்மைச்சா’வில் நம் பொரியரிசி வாசனை வீசும்.

பெண்கள் கவனிக்க

கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டால் கறுத்துவிடும், பார்த்திருப்பீர்கள். டானினுக்கு இரும்பைப் பிடிக்கும் குணமும் உண்டு. சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. ‘உடம்பு இளைக்கும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சாப்பிட்ட கையோடு கிரீன் டீ குடிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். வெறும் டீயால் எடை இறங்கிவிடாது. ஆனால், இருக்கிற சத்தும் வீணாகலாம். பால் டீ குடிப்பவர்களுக்கும் இதே கதைதான். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கவே கூடாது.

மாலை நாலு மணி, வீட்டு வேலை ஓய்ந்த நேரம். அதுதான் இந்த டீக்குச் சரியான நேரம். நீரை ஆற்றுகிற அந்த இரண்டு நிமிடம் நீங்களும் கொஞ்சம் உட்காருங்கள். தோல் பதமாகத்தான் துவர்ப்பு வேண்டும், நாக்குக்கு வேண்டாம்!