வாஞ்சூர் மணலும் வேதாரணியம் உப்பும்

பெரும்பாலான கனிமங்களில் அணுக்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கியிருக்கின்றன. அந்த அடுக்குதான் படிகக் கட்டமைப்பு. தடையில்லாமல் வளர இடம் கிடைத்தால் அதுவே வெளியில் தட்டையான முகங்களாகவும் நேரான விளிம்புகளாகவும் தெரியும். அது படிக வடிவம். வடிவம் தேய்ந்து போகலாம், கட்டமைப்பு போவதில்லை.

காரைக்காலின் தெற்கு ஓரத்தில், நாகூரை ஒட்டியுள்ள கீழவாஞ்சூர்க் கடற்கரையில் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். மேட்டுநிலப் பாறைகளில் அரித்த துகள்களைக் காவிரி பல நூறு கிலோமீட்டர் உருட்டி வருகிறது. வெட்டாறு போன்ற கிளையாறுகள் அவற்றைக் கடலில் சேர்க்க, அலை கரையில் ஒதுக்குகிறது. வெளிர் மணலில் பெரும்பங்கு குவார்ட்சு. இலேசானதை அலை இழுத்துக்கொண்டு கனமானதை விட்டுச்செல்லும் இடங்களில் கார்னெட், இல்மனைட், சிறிதளவு சிர்கான் ஆகியவை கருஞ்சிவப்புக் கோடுகளாகப் படியும்.

தாராளமாக வளர்ந்த குவார்ட்சு ஆறுபட்டைத் தூண். எங்கே கிடைத்தாலும் அடுத்தடுத்த பட்டைகளுக்கிடையே கோணம் 120 பாகைதான்; இந்த மாறாத்தன்மையை நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-இல் எழுதிவைத்தார். கார்னெட் பெரும்பாலும் பன்னிரண்டு சாய்சதுர முகங்களோடு வளரும். கரைக்கு வந்த துகள்களிலோ முனைகள் மழுங்கிப்போயிருக்கும். ஆனால் குறுக்காக வைத்த இரண்டு முனைவாக்கிகளுக்கு (ஒளியின் அதிர்வை ஒரே திசைக்கு அடக்கும் வடிகட்டிகளுக்கு) நடுவே துகளைச் சுழற்றினால், குவார்ட்சு ஒளிர்வதும் அணைவதுமாக இருக்கும். கார்னெட் எப்படித் திருப்பினாலும் இருண்டே கிடக்கும். எல்லாத் திசையிலும் ஒளியை ஒரே மாதிரி கடத்துவது கனசதுரத் தொகுதிப் படிகங்களின் இயல்பு. சமச்சீரை வைத்து வகுத்த ஏழு தொகுதிகளில் அது ஒன்று.

அதே தொகுதியைச் சேர்ந்ததுதான் உப்பு. அது வளர்வதைப் பார்க்க, தெற்கே ஐம்பது அறுபது கிலோமீட்டரில் உள்ள வேதாரணியம் உப்பளங்கள் போதும். கடல்நீர் வெயிலில் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் அடுத்து ஜிப்சமும் பிரியும். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுண்டி 25 டிகிரியை எட்டும்போது உப்பு பூக்கும். இந்த டிகிரி வெப்பநிலை அல்ல, போமே மானி காட்டும் அடர்த்தி.

காற்றடங்கிய வேளையில் நீர்ப்பரப்பிலேயே சிறு சதுரங்கள் மிதக்கும். முகத்தின் நடுவைவிட விளிம்புக்குக் கரைபொருள் எளிதில் வந்துசேர்வதால் விளிம்பு முந்தி வளர்கிறது. எடை கூடிப் படிகம் அமிழ அமிழ, மேலே புதிய விளிம்பு கட்டுகிறது. கடைசியில் கிடைப்பது தலைகீழாக வைத்த படிக்கட்டுக் கோபுரம், நடுவில் குழியோடு. பாத்தியின் அடியில் நிதானமாக வளர்ந்த கல்லோ திடமான கனசதுரம். உடைத்தாலும் செங்கோண முகங்களில்தான் பிளக்கும்.

ஏன் அப்படி என்பது 1913-இல் தெரிந்தது. எக்ஸ் கதிர்களைக் கொண்டு லாரன்ஸ் பிராக் உப்பின் அடுக்கை வாசித்தார். ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரின்களும், ஒவ்வொரு குளோரினையும் ஆறு சோடியங்களும் சூழ்ந்திருக்கின்றன. தனி மூலக்கூறு என்று எதுவும் இல்லை. இந்த அடுக்கில் திரும்பத் திரும்ப வரும் கனசதுர அலகு ஒன்றின் விளிம்பு 0.564 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் உப்புக்கல்லின் விளிம்பு நெடுக இவை 17 லட்சத்துக்கு மேல் வரிசையாக நிற்கும்.

இந்த அடுக்கு எல்லா இடத்திலும் குறையற்றதல்ல. அவசரமாக வளரும் கல் தன் இடுக்குகளில் உப்புநீரைச் சிறைபிடித்துக்கொள்கிறது. கல்லுப்பு கண்ணாடிபோல் இல்லாமல் வெண்மையாக மங்கியிருப்பது பெரிதும் இதனால்தான். திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்ட உப்பு படபடவென வெடிப்பதும் கண்ணேறு கழிந்ததால் அல்ல. சூட்டில் ஆவியான அந்த நீர் கல்லைப் பிளந்துகொண்டு வெளியேறுகிறது.