காலையில் மறுசுழற்சி, மாலையில் காட்டுச் சாலை

வார இறுதி என்றாலே பேரங்காடிதானா? காஜாங் வட்டாரக் குடும்பங்கள் ஒரே நாளில் இரண்டு நல்ல காரியங்களை முடிக்கலாம். காலையில் வீட்டுக் கழிவைப் பிரித்துக் கொடுப்பது, மாலையில் காட்டுச் சாலையில் விலங்குகளைப் பார்த்து வருவது.

2015 செப்டம்பர் 1 முதல் கோலாலம்பூர், நெகிரி செம்பிலான் உள்ளிட்ட இடங்களில் குப்பையை வீட்டிலேயே பிரிப்பது கட்டாயமானது. சிலாங்கூர் அப்போது அதில் சேரவில்லை. ஆகவே காஜாங்கில் இப்பழக்கத்தை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

முறை எளிது. நீலத் தொட்டியில் காகிதம், பழுப்பில் கண்ணாடி, ஆரஞ்சில் பிளாஸ்டிக்கும் அலுமினிய டின்களும். டின், போத்தல்களைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். நாளிதழ்களை ‘பேப்பர் லாமா’ லோரிக்காரரிடம் கொடுக்கலாம். வடை, அப்பளம் பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆறவைத்து வடிகட்டிப் போத்தலில் சேருங்கள். அதை எடுத்துக்கொண்டு பயோடீசல் தயாரிக்கிறார்கள்.

வெயில் தாழ்ந்ததும் செமினி வழியாகச் சுங்கை தெக்காலாவைக் கடந்து உலு லங்காட் செல்லும் சாலையில் மெதுவாகப் போங்கள். நீளவால் குரங்குகள் சாலையோரத்திலேயே தென்படும். மரக்கிளைகளை உற்றுப் பார்த்தால், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட ‘லோத்தோங்’ கருங்குரங்கைக் காணலாம். ஓடைக்கரையில் உடும்பு, அதிர்ஷ்டமிருந்தால் வானில் இருவாச்சி.

பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் குரங்குக்கு வாழைப்பழம், பிஸ்கட் நீட்டாதீர்கள். உணவுக்குப் பழகிய குரங்கு சாலைக்கு வந்து காரில் அடிபடும். மனிதரிடம் பறிக்கவும் கற்றுக்கொள்ளும். எங்கும் காண்பதால் அது பெருகிவிட்டதாக நினைக்கிறோம். ஆனால், நீளவால் குரங்கை அழியும் ஆபத்திலுள்ள இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022-இல் பட்டியலிட்டது.

இந்தப் பக்கத்துக் காடுகள்தாம் செமினி, லங்காட் அணைகளுக்கு நீர் தருகின்றன. 2016-இல் செமினி ஆற்று நீரில் துர்நாற்றம் கலந்து சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டபோது, வாளியோடு தண்ணீர் லோரிக்குக் காத்திருந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குக் காரணம் வீட்டுக் குப்பை அல்ல. ஆனாலும் ஆறு கெட்டால் முதலில் வறள்வது நம் வீட்டுக் குழாய்தான் என்பதை அன்று கண்டோம்.

எனவே, கிளம்பும்போதே காரில் ஒரு குப்பைப் பை வைத்துக்கொள்ளுங்கள். நாசி லெமாக் பொட்டலமும் தண்ணீர்ப் போத்தலும் காட்டில் தங்காமல் உங்களோடு வீடு திரும்பட்டும்.