இரண்டு கிலோவில் நம்ம ஊர்

வெளிநாட்டில் இருக்கும் ஓர் உழவருக்கு உங்க ஊர்ச் சாப்பாட்டுப் பொருள் ஒரு பொட்டலம் அனுப்பணும், பதிலுக்கு அவர் ஊர்ப் பொருள் உங்களுக்கு வரும் என்று வையுங்கள். என்ன வைப்பீங்க? அடுக்களையில் நின்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பாருங்க. உளுந்து பர்மாவிலிருந்து வந்திருக்கலாம். எண்ணெய் கப்பலில் வந்த பாமாயில். துவரம்பருப்பு எங்கே விளைஞ்சதுன்னு கடைக்காரருக்கே தெரியாது. "இது எங்க மண்ணு"ன்னு சத்தியம் பண்ணிச் சொல்ல நாலு பொருள் தேறினால் பெரிசு.

பல நாடுகளில் இப்படிப் பொட்டலம் மாற்றிக்கொள்வது ஒரு பொழுதுபோக்கு. மிட்டாய்க்கு மிட்டாய், ஊறுகாய்க்கு ஊறுகாய். உழவர்கள் செய்தால் அது வேற மாதிரி ஆகும். பனையை எடுத்துக்குவோம்.

நம்ம மாநில மரம் பனை. கம்போடியாவில் 2005-இல் அதே பனையைத் தேசிய மரமாக அறிவித்தார்கள். அங்கே கம்போங் ஸ்பியூ பகுதிப் பனஞ்சர்க்கரைக்கு 2010-இலேயே புவிசார் குறியீடு கிடைத்தது; நம்ம உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல். மரம் ஒன்றுதான், கைப்பக்குவம்தான் வேற. நம்ம பனையேறி காலில் தளைநார் மாட்டி மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறுகிறார். அவர்கள் மரத்தோடு மூங்கிலைக் கட்டி, அதையே ஏணியாக்கி ஏறுகிறார்கள். நாம கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவோம், பதநீர் புளிச்சுப் போகாமல் இருக்க. அவர்கள் மூங்கில் குழாய்க்குள் ஒருவகை மரத்தின் சிராய்த் துண்டுகளைப் போடுகிறார்கள். நாம பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றிவிடுவோம். அவர்கள் அடுப்பிலிருந்து இறக்கி, ஆறும்வரை மரக்கட்டையால் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். அதனால் நிறம் வெளுத்து மணல்மணலாக வருது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாக்கில் போட்டுப் பார்த்தால், சுண்ணாம்பு என்ன செய்யுது, கிண்டுறது என்ன செய்யுதுன்னு எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லாமல் புரிஞ்சிடும்.

ஆனா ஒண்ணு. சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் எவ்வளவு கிடக்குதுன்னு நமக்குத் தெரியாததா? கடையில் வாங்கி அனுப்பினால், சீனியைத்தான் கடல் தாண்டி அனுப்பியிருப்போம். காய்ச்சுகிற இடத்துக்கே போய், காய்ச்சுறவங்க கையால் வாங்குங்க.

அடுத்தது, எதை அனுப்பக்கூடாது என்பது. ஆசை ஆசையாக மாப்பிள்ளைச் சம்பா அரிசியை அனுப்பிடாதீங்க. கப்ரா வண்டு நம்ம பகுதிக்குச் சொந்தமானது. அதன் புழு தீனி இல்லாமலே வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனாலேயே நம்ம நாட்டிலிருந்து தனிநபர் அனுப்பும் அரிசியை அமெரிக்கா விடுவதில்லை. ஆஸ்திரேலியா அஞ்சலில் வரும் அரிசி, கொண்டைக்கடலை, மிளகாய் வற்றலைத் தடுக்குது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு நெய், பால்கோவா, கருவாட்டைத் தவிர்த்த இறைச்சி எதுவும் அனுப்ப முடியாது. இதில் கோபப்பட ஒண்ணுமில்லை. பார்த்தீனியம் இறக்குமதிக் கோதுமையோடு வந்ததாகத்தான் சொல்கிறார்கள், இன்றைக்கும் வரப்பில் பிடுங்கிட்டு இருக்கோம். விதையை மட்டும் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குள் ஒளித்து அனுப்பவே வேண்டாம். அதுக்குத் தனிச் சட்டம், தனிச் சான்றிதழ்.

வறுத்தது, வெந்தது, காய்ச்சினது நல்லது: கருப்பட்டி, கடலை மிட்டாய், வறுத்து அரைத்த சத்துமாவு. அதையும் அந்த நாட்டு விதியைப் பார்த்துட்டே அனுப்பணும். சர்வதேச அஞ்சலில் சிறு பொட்டலத்துக்கு 2 கிலோ வரைதான் வரம்பு இருந்தது; இப்போ எந்தச் சேவை, எவ்வளவு எடைன்னு அஞ்சலகத்தில் கேட்டுக்குங்க. சுங்கப் படிவத்தில் "உணவு" என்று மொட்டையாக எழுதாமல், பொருள், எடை, மதிப்பு மூன்றையும் தெளிவாக எழுதுங்க. கருப்பட்டி மழைக்காலத்தில் கசியும். கோடையிலேயே அனுப்பிடணும், காற்றுப் புகாத உறையில். அங்கிருந்து வருவதற்கு நாம சுங்கவரி கட்ட வேண்டியிருக்கும். அன்பளிப்புக்கு இருந்த விலக்கு 2019 டிசம்பரோடு போச்சு.

பொட்டலத்துக்குள் ஒரு தாளும் வையுங்க. எத்தனை மரம், எந்த மாதம் பாளை சீவினது, ஏறுறவருக்கு வயசு என்ன, அவருக்குப் பிறகு ஏற ஆள் இருக்கா, கிலோவுக்கு அவர் கையில் என்ன கிடைச்சுது. அதே கேள்விகளை அவர்களிடமும் கேளுங்க.