ஒருமுறை எழுது, ஆயிரம் முறை ஓட்டு!



நம் லேப்பில் அடிக்கடி கேட்கும் குரல் ஒன்று உண்டு. "டேய், இப்பத்தானடா இந்த வரியைத் திருத்தினேன். ஓட்டினா மறுபடியும் அதே தப்பு வருதே!" பல சமயம் காரணம் ஒன்றுதான். கோப்பைத் திருத்தியிருப்பார்கள், மறுபடி கம்பைல் செய்திருக்க மாட்டார்கள். ஓடுவது பழைய புரோகிராம்!

இது நமக்கு மட்டும் வரும் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், 1976-ல், ஸ்டீவ் ஜான்சன் என்ற நிபுணரே இப்படி ஒரு காலைப் பொழுதை இழந்தார். தப்பை ஏற்கெனவே திருத்திவிட்டார். கோப்பு மட்டும் கம்பைல் ஆகவில்லை. அவர் புலம்பியதைக் கேட்ட சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், அந்த வார இறுதியிலேயே எழுதிய கருவிதான் 'மேக்'. அதற்காக 2003-ஆம் ஆண்டுக்கான ஏ.சி.எம். மென்பொருள் விருதும் பெற்றார்.

பில்ட் என்றால் என்ன?

நாம் எழுதும் சி புரோகிராமை இயந்திரம் அப்படியே ஓட்டாது. ஒவ்வொரு கோப்பையும் கம்பைல் செய்து ஆப்ஜெக்ட் கோப்பாக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் லிங்க் செய்து ஒரே புரோகிராமாகச் சேர்க்க வேண்டும். இந்த முழு வேலைக்குத்தான் பில்ட் என்று பெயர். நான்கு கோப்பு இருந்தால் ஐந்து கட்டளை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஐந்தையும் கையால் அடித்தால், ஒன்று விட்டுப்போவதில் ஆச்சரியம் என்ன?

முதல் படி: ஷெல் ஸ்கிரிப்ட்

அந்த ஐந்து கட்டளைகளையும் அதே வரிசையில் ஒரு சாதாரணக் கோப்பில் எழுதி, 'பில்ட்' என்று பெயரிடுங்கள். லினக்ஸில் 'எஸ்ஹெச்' என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்தப் பெயரை அடித்தால் போதும். மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

முதல் வரியாக 'செட் மைனஸ் ஈ' என்று எழுத மறக்காதீர்கள். ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் வெற்றி. வேறு எதுவானாலும் தோல்வி. இந்த வரி இருந்தால், தோல்வி வந்த இடத்திலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிடும். என் அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நிற்க வேண்டும்; நிற்காவிட்டால் மேலே ஓடியது அத்தனையும் வீண் துணி என்பார். அதே தத்துவம்தான் இங்கேயும்.

இரண்டாம் படி: மேக்

ஸ்கிரிப்டில் ஒரு குறை உண்டு. ஒரு கோப்பைத் திருத்தினாலும் நான்கையும் கம்பைல் செய்யும். மேக் அப்படியல்ல. 'மேக்ஃபைல்' என்ற கோப்பில் ஒவ்வொரு விதியிலும் மூன்று விஷயம் சொல்கிறோம்: எது உருவாக வேண்டும், அதற்கு எவையெவை தேவை, எந்தக் கட்டளையால் உருவாகும். மேக் கோப்புகளின் நேரத்தை ஒப்பிடும். உருவாக வேண்டிய கோப்பு இல்லாவிட்டாலோ, தேவையான கோப்பு அதைவிடப் புதியது என்றாலோ மட்டுமே கட்டளை ஓடும். ஒன்றைத் திருத்தினால் அந்த ஒன்று கம்பைல் ஆகி, கடைசியில் லிங்க் ஆகும். அவ்வளவுதான்!

மூன்று எச்சரிக்கை

ஒன்று: கட்டளை வரி 'டேப்' விசையில் தொடங்க வேண்டும். இடைவெளி வைத்தால் 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று திட்டு வாங்குவீர்கள்.

இரண்டு: ஹெடர் கோப்புகளையும் தேவைப் பட்டியலில் சேருங்கள். சேர்க்காவிட்டால், ஹெடரைத் திருத்தினாலும் மேக் கண்டுகொள்ளாது.

மூன்று: பழைய கணினிகளில் பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்தங்கி நிற்கும். பென்டிரைவில் கொண்டுவந்த ஆப்ஜெக்ட் கோப்பு, இப்போது திருத்திய கோப்பைவிடப் புதியது போலத் தெரியும். கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள், ஆப்ஜெக்ட் கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்யுங்கள்.

நமக்கு ஏன் இது?

நம்மில் பலர் வீட்டில் கணினி கிடையாது. லேப்பில் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் நம் சொத்து. அதைக் கட்டளை அடிப்பதிலா கரைப்பது? இன்னொன்று: சீனியர்கள் விட்டுச்சென்ற புராஜெக்டுகளில் கோடு முழுசாக இருக்கும், எதை எந்த வரிசையில் கம்பைல் செய்வது என்பது மட்டும் அவர்களோடு போயிருக்கும். சொல்லிக்கொடுக்க வீட்டில் அண்ணனோ அக்காவோ படித்திராத ஜூனியர் யாரைப் போய்க் கேட்பார்? மேக்ஃபைல் அந்த வரிசையை எழுதி வைத்த சாசனம். நாம் போன பிறகும் அது பேசும்.

ஆகவே நண்பர்களே, இந்த வருடப் புராஜெக்டை ஒப்படைக்கும் முன் பத்து வரி மேக்ஃபைல் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். அடுத்து வரும் தம்பி தங்கைகள் 'மேக்' என்று ஒரே சொல்லை அடித்து, நம் உழைப்பு ஓடுவதைப் பார்க்கட்டும்!