வன்தட்டு மாறினால் காணொளி எங்கே போகிறது?

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை, ஜார்ஜ்டவுன் பினாங்குத் தெருவிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படுகிறது. அதைப் படம் பிடித்துக் கணினியில் தொகுக்கிறீர்கள். மீதி வேலையை நண்பர் முடிக்கட்டும் என்று, தொகுப்பின் புராஜெக்ட் கோப்பைப் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறீர்கள். அவர் திறந்தால் திரையெல்லாம் சிவப்பு: ‘மீடியா ஆஃப்லைன்’. படம் அழிந்துவிட்டதா?

இல்லை. புராஜெக்ட் கோப்பினுள் காணொளியே கிடையாது. எந்தக் காட்சி, எந்த நொடி முதல் எந்த நொடி வரை, அது எந்த வன்தட்டின் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற குறிப்புகள் மட்டுமே அதில் உள்ளன. வீடு மாறியவருக்குப் பழைய முகவரியில் வந்த கடிதத்தின் கதைதான் இது.

எனவே, குறிப்பையும் படத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிரீமியர் புரோவில் ‘புராஜெக்ட் மேனேஜர்’ எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் திரட்டித் தரும். டாவின்சி ரிசால்வ் புராஜெக்ட்டுகளைத் தன் தரவுத்தளத்தில் வைப்பதால், அதில் ‘ஆர்க்கைவ்’ வசதியைப் பயன்படுத்துங்கள். கோப்புகள் இடம் மட்டும் மாறியிருந்தால், ‘ரீலிங்க்’ கொடுத்துப் புதிய இடத்தைக் காட்டினால் போதும்.

அடுத்தது வேகம். வினாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவான ஒரு மணி நேரக் காணொளி 45 ஜிகாபைட். வினாடிக்கு 35 மெகாபைட் கடத்தும் பழைய யுஎஸ்பி 2.0 இணைப்பில் அதை மாற்ற 21 நிமிடங்களுக்கு மேல் ஆகும். 400 மெகாபைட் கடத்தும் எஸ்எஸ்டியில் 2 நிமிடங்கள் போதும். ஆனால் எஸ்எஸ்டி தரவை மின்னூட்டமாகச் சேமிக்கிறது. மின்சாரம் இல்லாமல் நெடுங்காலம் அலமாரியில் கிடந்தால் அது கசியக்கூடும். நீண்ட காலச் சேமிப்புக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். சேமிப்புக் கருவி ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிகாபைட்டைத் தாண்டும் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறையில் அந்தத் தடை இல்லை.

‘கட்’ செய்யாதீர்கள், ‘காப்பி’ செய்யுங்கள். கேமரா அட்டையிலிருந்து எடுக்கும்போது படங்களை மட்டும் பொறுக்காமல் கோப்புறைகளை அப்படியே எடுங்கள். பிறகு மூலத்துக்கும் நகலுக்கும் ‘செக்சம்’ கணக்கிட்டு ஒப்பிடுங்கள். கோப்பின் எல்லாத் தரவையும் கொண்டு கணக்கிடப்படும் எண் இது. ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். இரண்டும் ஒத்துப்போன பிறகே அட்டையை அழியுங்கள்.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியதுண்டு. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் தவறான கட்டளை ஒன்றால் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் பிரதிகள் ஒழுங்காகப் பதிவாகவில்லை என்பது அதன் பிறகே தெரிந்தது. தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மன் வீட்டில் வேலை பார்ப்பதற்காக வைத்திருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது.

இதிலிருந்து பிறக்கும் எளிய விதி: 3 பிரதிகள், 2 வகைச் சேமிப்புக் கருவிகள், அவற்றில் 1 பிரதி வேறோர் இடத்தில். மாதம் ஒருமுறை ஒரு பிரதியைத் திறந்து ஓடவிட்டும் பாருங்கள். ரதம் அடுத்த ஆண்டும் வரும். இந்த ஆண்டின் காட்சி திரும்ப வராது.