காசநோய்க் கிருமியை விழுங்கியும் நம் உடலால் கொல்ல முடியாதது ஏன்?

பூனை விழுங்கிய எலி, அதன் வயிற்றுக்குள்ளேயே உயிரோடு குடித்தனம் நடத்தினால் எப்படி இருக்கும்? காசநோய்க் கிருமி செய்வது அதைத்தான்.

மூச்சுக்காற்றோடு நுழையும் கிருமியை, நுரையீரலில் காவல் நிற்கும் வெள்ளை அணு விழுங்கிவிடுகிறது. மற்ற பல கிருமிகள் என்றால் செரித்துவிடும். இதற்கோ மெழுகு பூசிய தடித்த உறை! செரிக்கும் வேலையையே தடுக்கவும் இதற்குத் தெரியும்.

அடுத்து என்ன? துணைக்கு மேலும் பல அணுக்கள் ஓடிவந்து சூழ, சிறு முடிச்சு உருவாகிறது. அது கிருமியை அடைக்கும் சிறை என்றே நெடுங்காலம் நம்பினார்கள்.

பரோடாவில் மருத்துவம் படித்த ஆய்வாளர் லலிதா ராமகிருஷ்ணன் அந்த முடிச்சுக்குள் எட்டிப் பார்க்க வழி கண்டார். வரிக்குதிரை மீனின் குஞ்சு கண்ணாடி போன்றது. உள்ளே நடப்பதை உயிரோடு பார்க்கலாம். மீனுக்குக் காசநோய் தரும் கிருமியைச் செலுத்திக் கவனித்தார்.

2009இல் அவரது குழு வெளியிட்ட முடிவு வியப்பூட்டியது. செத்த பூனையைப் புதுப் பூனைகள் தின்ன, எலிகள் அவற்றுக்குள் குடியேறின! சில அணுக்கள் கிருமியைச் சுமந்து வெளியேறி, வேறிடத்தில் புது முடிச்சிட்டன. தொடக்கத்தில் சிறையே கிருமிக்குச் சத்திரமானது.

அப்படியென்றால் உடலின் எதிர்ப்பைக் கூட்டினால் போதுமா? போதாது. சோற்றுக்கு அடுப்புத் தீ போலத்தான் அது. குறைந்தால் வேகாது, மிஞ்சினால் அடிப்பிடிக்கும். எதிர்ப்பு அளவு மீறினாலும் அணுக்கள் வெடித்து, கிருமி வெளியே பெருகுவதை அவரது குழுவே பின்னர் காட்டியது.

கிருமியைக் கொல்ல மருந்து வேண்டும். கூடவே, நம் உடலின் தீயை அளவோடு வைக்கவும் கற்க வேண்டும்.