இரட்டைச் சொற்கள் – 9: எத்தனை ஃபியூவர், எவ்வளவு லெஸ்?

ரயில் நிலையத்தில் வழியனுப்ப வந்தவர் கேட்கிறார்: "எத்தனை லக்கேஜ்?" பதில் வருகிறது: "மூணு லக்கேஜ், ஒரு கூடை." தமிழ்ப் பேச்சில் இதில் ஒரு குறையும் இல்லை. அதே ஆள் 'த்ரீ லக்கேஜஸ்' என்று ஆங்கிலத்தில் சொன்னால்தான் இலக்கண ஆசிரியர் முகம் சுளிப்பார். ஆங்கிலத்தில் பெட்டியை எண்ணலாம்; லக்கேஜை எண்ணக்கூடாது. அது தண்ணீர், அரிசியின் சாதி.

லெஸ், ஃபியூவர் குழப்பமும் இந்த வேரில் முளைத்ததுதான். இரண்டுக்கும் தமிழில் 'குறைவு' என்று ஒரே சொல். எண்ண முடிந்தால் ஃபியூவர்: ஃபியூவர் புக்ஸ், ஃபியூவர் பீப்பிள். எண்ண முடியாவிட்டால் லெஸ்: லெஸ் வாட்டர், லெஸ் டைம். டியூஷன் நோட்ஸ் இதோடு முடிந்துவிடும்.

தமிழர் கையில் இதைவிட நல்ல சாவி ஒன்று இருக்கிறது. கடையில் 'எத்தனை தேங்காய்?' என்றும் 'எவ்வளவு எண்ணெய்?' என்றும் கேட்பதற்கு யாரும் இலக்கணம் படித்துவிட்டுப் போவதில்லை. எத்தனைக்கு ஃபியூவர், எவ்வளவுக்கு லெஸ். அடம்பிடிக்கும் இடங்கள்கூட இதில் வழிக்கு வந்துவிடும். மைலை எண்ண முடியும். ஆனாலும் ஆங்கிலத்தில் 'லெஸ் தேன் ஃபைவ் மைல்ஸ்'தான் வழக்கம். ஏன்? அங்கே பேச்சு தூரத்தைப் பற்றியது. தமிழிலும் 'எவ்வளவு தூரம்?' என்பதுதானே கேள்வி! 'லெஸ் தேன் ஃபிஃப்டி ருப்பீஸ்' என்பதும் அப்படியே: விலை எவ்வளவு?

லக்கேஜில் மட்டும் இந்தச் சாவி காலை வாரும். ஃபர்னிச்சரிலும்.

இத்தனைக்கும், ஆங்கிலேயர்களே இந்த விதியைத் தொட்டிலிலிருந்து காத்துவந்தவர்கள் அல்லர். 9ஆம் நூற்றாண்டு மன்னர் ஆல்ஃபிரட்டின் பெயரில் வழங்கும் மொழிபெயர்ப்பு ஒன்றிலேயே, எண்ணக்கூடிய 'சொற்க'ளோடு லெஸ்ஸின் பழைய வடிவம் வருகிறது. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ஆங்கில மொழி பற்றி எழுதிய நூலில், எண்ணிக்கைக்கு ஃபியூவர்தான் நேர்த்தியாக இருக்கும் என்று தமக்குத் தோன்றுவதாகச் சொன்னார். அவர் சொன்னது சொந்த ரசனை. பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள்.

எதிர்ப்பக்கத்தில் நடந்ததோ நேர்மாறு. ஒரு காலத்தில் எண்ணிக்கைக்கு 'மோ', அளவுக்கு 'மோர்' (தாளித்தது அல்ல) என்று இரண்டு சொற்கள் இருந்தன. மோ வழக்கொழிந்தது. இன்று புத்தகத்துக்கும் மோர், தண்ணீருக்கும் மோர். அதற்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை.

சண்டையெல்லாம் லெஸ்ஸோடுதான். பிரிட்டனின் டெஸ்கோ கடைகளில், பத்துப் பொருளுக்கு மேல் வாங்காதவர்களுக்கான வரிசையில் '10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்று எழுதியிருந்தது. ஃபியூவர் என்றல்லவா இருக்க வேண்டும் என்று இலக்கணப் பிரியர்கள் விடாமல் குறை சொன்னார்கள். 2008இல் டெஸ்கோ பலகையை மாற்றியது. லெஸ்ஸும் வேண்டாம், ஃபியூவரும் வேண்டாம் என்று 'அப் டு 10 ஐட்டம்ஸ்' என எழுதி நழுவிக்கொண்டது.

தேர்வு எழுதுபவர்களுக்கு அந்த வசதி இல்லை. எண்ணிக்கை என்றால் ஃபியூவரையே எழுதுங்கள். விடைத்தாள் திருத்துபவர் பேக்கர் கட்சி.

(தொடரும்)